உபதேசியாருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீக்கடை ஓரமாக நின்று "வேதக்கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" சி.எஸ்.ஐ. என்று சொல்லி, கடைக்காரரும் வயதானவராக இருந்துவிட்டால், "அமெரிக்கன் மிஷன் கோயிலா?" என்று இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொள்வார். போர்டில் அந்தப் பெயர் போய் இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு தடவை பெயர் மாற்றி எழுதியும் ஆயிற்று. வாயில் மட்டும் மாறவில்லை.

அவரிடமே மெதடிஸ்ட் கோயில் எது என்று கேட்டால் யோசிப்பார். மெதடிஸ்டுகள் தமிழ் நிலத்துக்கு வந்த வழி வேறு. 1814-இல் இலங்கையில் இறங்கினார்கள். 1817-இல் ஜேம்ஸ் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். பிறகு நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர், தாராபுரம் என்று காவிரியை ஒட்டியும் கொங்குப் பக்கமாகவும் போனார்கள். மதுரைச் சீமை அமெரிக்கர்களுக்கு என்று விடப்பட்டது. ஒருவர் வேலை செய்யும் வட்டாரத்தில் அடுத்தவர் கடை விரிப்பதில்லை என்று மிஷன்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அதை எல்லோரும் அப்படியே மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. உசிலம்பட்டியில் சுவீடன் நாட்டு லுத்தரன்கள் வந்து ஆஸ்பத்திரியே கட்டினார்கள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் சீர்திருத்தச் சபைகளுக்கு வித்திட்டது பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'அமெரிக்கன் போர்டு'தான். மெதடிசமும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது, 130 வருஷம் தாமதமாக, வேறொரு வாசல் வழியாக. அதற்குக் கடைசியில் வருவோம்.

அமெரிக்கன் போர்டு 1810-இல் தொடங்கிய சங்கம். அதன் ஆட்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் நிலத்தில் விரும்பவில்லை. அதனால் 1816-இல் அவர்கள் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் காலூன்றினார்கள். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், செமினரி எல்லாம் அங்கே வளர்ந்தன. அமெரிக்காவில் பணம் அனுப்பிய புரவலரின் பெயரை யாழ்ப்பாணத்துப் பையனுக்குச் சூட்டும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. கம்பெனியின் கெடுபிடி 1833 சாசனச் சட்டத்தோடு தளர்ந்தது. மறு வருஷமே, 1834-இல், ஹாய்சிங்டனும் டாடும் மதுரைக்கு வந்தார்கள். கூடவே யாழ்ப்பாணத் தமிழர்களையும் உதவிக்குக் கூட்டி வந்தார்கள். 1835-இல் திண்டுக்கல். 1840-களின் இறுதியில் பெரியகுளம்.

பெரியகுளத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. அன்றைக்குத் தேனி ஒரு சிற்றூர். வராக நதிக் கரையிலிருந்த பெரியகுளம்தான் தாலுகா ஊர். தெற்கே ஆண்டிபட்டி, மேற்கே போடி, தென்மேற்கே உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு காரணம் தலைக்கு மேலேயே நின்றது. மதுரை வெயிலிலும் காலராவிலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் செத்துக்கொண்டிருந்தன. சிறுமலையில் ஓய்வு வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கே காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலை மேல் ஏறி 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைய கோடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீட்டிலிருந்து தொடங்கியது. மலையேறும் பாதை பெரியகுளத்துக்கு மேற்கே மாந்தோப்புகளின் பக்கம் ஆரம்பித்தது. பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். மோட்டார் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆக, பெரியகுளம் பாதிரிக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கும் மேலே ஒரு மலையும் பொறுப்பு.

வெற்றிடத்தில் அவர்கள் வந்து இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் ராபர்ட் தெ நொபிலி வந்திறங்கிய 1606-லிருந்தே கத்தோலிக்கம் இந்தச் சீமைக்குப் பழக்கம். ராயப்பன்பட்டி பனிமய மாதா கோயிலும் அனுமந்தன்பட்டியும் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கப் பெயர்கள். டீக்கடைக்காரர் 'ஆர்.சி.யா' என்று முதலில் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, 1850-களில் ஒரு கிராமத்துச் சபை என்றால் என்ன? கோபுரமும் மணியும் உள்ள கோயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். மண்சுவர், கூரை, சாணி மெழுகிய தரை. திங்கள் முதல் சனி வரை அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். பள்ளிக்கூடத்து வாத்தியாரேதான் சபைக்கு உபதேசியார். அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது, மாலையில் தெருவில் ஜெபம் நடத்துவது, காய்ச்சல் கண்டவர் வீட்டுக்குப் போவது, கிராம முன்சீப்புக்கு மனு எழுதித் தருவது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னே நிற்பது எல்லாம் அவர் வேலை. ஞானஸ்நானமும் இராப்போஜனமும் மட்டும் அவர் கொடுக்க முடியாது, அதற்கு அபிஷேகம் பெற்ற ஐயர் வர வேண்டும். ஐயர் மாட்டுவண்டியில் கூடாரத்தோடு வருவார், சில நாள் தங்கிப் பெயர்களைப் பதிவார், போய்விடுவார். மறுபடி அவரைப் பார்க்க மாதங்கள் ஆகும். மிச்ச நாளெல்லாம் சபை என்றால் உபதேசியார்தான்.

மிஷனின் ஆங்கில அறிக்கைகளைப் புரட்டினால் இந்த மனிதர்கள் பெரும்பாலும் 'சுதேச உதவியாளர்' என்று மொத்தமாகத்தான் வருகிறார்கள். வெள்ளைக்காரப் பாதிரிகளின் பெயர், பிறந்த தேதி, கப்பலேறிய நாள், மனைவியின் குலம் கோத்திரம் வரை கிடைக்கும். சபையை அன்றாடம் நடத்தியவர் 'உதவியாளர்'. மாதம் சில ரூபாய் அவர் சம்பளம். அந்த ரூபாய் பாஸ்டனிலிருந்து வந்தது. இந்தப் பள்ளத்தாக்குச் சபைகளின் முதல் நூறு வருஷத்தைப் புரிந்துகொள்ள வேதசாஸ்திரத்தை விட இந்தச் சம்பளக் கணக்கு அதிகம் உதவும்.

அமெரிக்கன் போர்டின் பெரும்பாலான ஆட்கள் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். பிஷப் கிடையாது, மேலிடம் கிடையாது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மாசசூசெட்ஸில் நிலம் வைத்திருந்த விவசாயிகளுக்கு அது சரிப்பட்டு வந்தது. இங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த ஒடுக்கப்பட்ட சாதியினர். நாடார்களும் அங்கங்கே பிற சாதியாரும் இருந்தார்கள். உபதேசியாருக்குப் படி அளப்பவர் பங்களாவில் இருக்கும்போது, சபை தன்னைத் தானே ஆள்வது எப்படி?

1847-இல் அந்தக் கேள்வி சாதியின் உருவத்தில் வந்து நின்றது. கிறிஸ்தவர் ஆன பிறகும் தனித்தனியாக உட்காருவதும், ஒரே பாத்திரத்தில் குடிக்க மறுப்பதும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மிஷன் கறாராக ஒரு முடிவெடுத்தது. எல்லாச் சாதியாரும் சமைத்ததை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை. பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் உபதேசியார்களே கணிசமாக இருந்தார்கள். விலக்கப்பட்டார்கள். சிலர் பிறகு திரும்பினார்கள், சிலர் சாதி விஷயத்தில் இளக்கமாக இருந்த லுத்தரன் பக்கம் ஒதுங்கினார்கள். முடிவு சரியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை எடுத்தவர்கள் சம்பளம் கொடுப்பவர்கள். பந்தியில் உட்கார்ந்த எத்தனை பேர் மனம் மாறி உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் மாதச் சம்பளத்துக்காக உட்கார்ந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சாதி திரும்பத் திரும்பத் தலைகாட்டியது அந்தப் பந்தியின் எல்லையைக் காட்டுகிறது.

எட்டு வருஷம் கழித்து முதலாளியே நேரில் வந்தார். அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன், 1855-இல் யாழ்ப்பாணத்தையும் மதுரையையும் சுற்றிப் பார்த்தார். ஆங்கிலப் பள்ளிகளில் இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்டார். யாழ்ப்பாணத்தின் பெருமையான வட்டுக்கோட்டை செமினரி அந்த வருஷமே மூடப்பட்டது. மதுரையிலும் ஆங்கிலக் கல்வி சுருங்கியது. சுதேசிகளையே போதகர்களாக அபிஷேகம் பண்ணுங்கள், சபை தன்னைத் தானே ஆளட்டும், தன் செலவைத் தானே பார்க்கட்டும், தன்னைத் தானே பரப்பட்டும் என்றார். உலகம் முழுக்க மிஷன் வரலாறுகளில் இன்றும் பேசப்படும் கொள்கை அது. தமிழர் ஒருவர் போதகராவதற்கு அது வாசல் திறந்தது, உண்மை. இன்னொரு பக்கம், ஆங்கிலம் படித்துத் தாசில் ஆபீஸில் வேலைக்குப் போயிருக்கக்கூடிய பையன், மிஷனின் பசுமலை செமினரியில் தமிழில் வேதம் படித்து உபதேசியாராகக் கிராமத்துக்குத் திரும்பினான். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குச் சபையில் யார் கையிலும் காசில்லை. காசு வரும் வழியையும் ஆண்டர்சன் அடைத்துவிட்டுத்தான் போனார்.

டேவிட் கோய்ட் ஸ்கடர் இந்தப் பின்னணியில் வந்தவர். வேலூர் மருத்துவக் கல்லூரியின் ஐடா ஸ்கடர் குடும்பத்தோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் பாஸ்டன் வியாபாரி வீட்டுப் பிள்ளை. 1835 அக்டோபரில் பிறந்தவர். வில்லியம்ஸ் கல்லூரி, ஆண்டோவர் இறையியல் கல்லூரி என்று படித்து, கப்பலேறும் முன்பே இந்தியத் தத்துவத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர். ஹாரியட் டட்டனைக் கல்யாணம் செய்துகொண்டு 1861 மார்ச்சில் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் வெட்டி முடியாத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். அவர்கள் நடுக்கடலில் இருந்த ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது.

அந்தப் போர் இங்கேயும் இரண்டு விதமாக எட்டியது. போர்டின் வரவு ஆட்டம் கண்டது, செலவைக் குறைக்கச் சொல்லிக் கடிதங்கள் வந்தன. அதே போரால் அமெரிக்கப் பருத்தி மான்செஸ்டருக்குப் போகாமல் நின்றது, மதுரை, திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது. பருத்திக் காடு வைத்திருந்தவர் கையில் பணம் புரண்டது. பருத்தி எடுக்கப் போன சபை மக்களின் உபதேசியாருக்குச் சம்பளம் இழுபறி ஆயிற்று.

1861 டிசம்பர் 15-இல் மதுரையில் ஸ்கடர் தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வைடா என்று பெயர். தமிழ் படித்துத் தேறியதும் பெரியகுளம் நிலையம் ஸ்கடர் பொறுப்புக்கு வந்தது. இளைஞர், துடிப்பானவர், நன்றாக நீந்துவார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வைகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி அது மணல். மாட்டுவண்டி நடு ஆற்றில் போகும், ஊற்று தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருசநாட்டு மலையில் மழை கொட்டினால் கீழே ஆற்றில் நிற்பவனுக்கு அது தெரியாது. இவன் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முதலில் நுரையும் சருகும் கலங்கலாக வரும், அதன் பின்னாலேயே ஆளை அடிக்கும் தண்ணீர். கரையோர ஊர்க்காரன் அந்தக் கலங்கலைப் பார்த்ததும் கரையேறிவிடுவான். அணை கிடையாது, பாலமும் கிடையாது. வைகை அணை கட்டி முடித்தது 1959-இல். 1862-இல் வைகைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வர ஒரே வழி, ஆற்றில் இறங்குவதுதான்.

1862 நவம்பர் 19, கார்த்திகை வெள்ளம். ஸ்கடர் ஆற்றில் இறங்கினார். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அவருக்கு 27 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மதுரை மிஷனில் அவர் இருந்த காலம் ஒன்றரை வருஷத்துக்கும் குறைவு.

ஹாரியட் குழந்தையோடு பாஸ்டனுக்குத் திரும்பினார். அந்தக் குடும்பம் எழுதத் தெரிந்த குடும்பம். டேவிட்டின் ஒரு தம்பி சாமுவேல் ஹப்பர்ட் ஸ்கடர், வண்ணத்துப்பூச்சிகளையும் பாறைகளில் புதைந்த பூச்சிப் படிவங்களையும் ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. இன்னொரு தம்பி ஹொரேஸ், பிற்காலத்தில் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகைக்கு ஆசிரியரானவர். அவர் அண்ணனின் வாழ்க்கையையும் கடிதங்களையும் 1864-இல் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார். அமெரிக்க வாசகர்கள் அப்படித்தான் பெரியகுளத்தைப் பற்றிப் படித்தார்கள்.

குழந்தை வைடா டட்டன் ஸ்கடர் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் சொற்பொழிவுகளைக் கேட்டு, வெல்லஸ்லி கல்லூரியில் இலக்கியப் பேராசிரியை ஆனார். பாஸ்டனின் ஏழைகள் பகுதியில் படித்த பெண்கள் தங்கி வேலை செய்யும் டெனிசன் ஹவுஸ் என்ற இல்லம் 1892-இல் திறந்தபோது அதன் பின்னால் இருந்தவர்களில் அவர் முக்கியமானவர். தன்னைக் கிறிஸ்தவ சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். 1912-இல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மேடையேறி, தொழிலாளி வயிற்றில் அடித்து நெய்த துணியை உடுத்துவதை விட உடுத்தாமலே இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. கல்லூரி வேலையே போய்விடும் போல இருந்தது. தப்பித்தார். 1954-இல் தன் 92-ஆம் வயதில் இறந்தார். அமெரிக்க எபிஸ்கோபல் சபை அக்டோபரில் ஒரு நாளை அவர் நினைவுக்கு ஒதுக்கியிருக்கிறது. நூற்பாலைச் சங்கு கேட்டு விழிக்கும் தேனிக்காரர்களுக்கு, இங்கே வேலை பார்த்துச் செத்த பாதிரியின் மகள் ஆலைத் தொழிலாளிக்காகப் பேசியவர் என்பது தெரிந்திருக்க வேண்டாமா? நம் ஊர்ப் பாடப் புத்தகங்கள் இவரைச் சீண்டியதில்லை.

ஸ்கடர் போன பிறகும் பெரியகுளம் நிலையம் நடந்தது. அதை நீண்டகாலம் கட்டிக் காத்தவர் ஜோசப் நாய்ஸ், கோடைக்கானலின் ஆரம்பகால வரலாற்றிலும் அடிபடும் பெயர். 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் அந்தக் காலத்தில்தான் வந்தது. நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட கொடுமை அது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மிஷன்கள் கஞ்சி ஊற்றின, அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தன. பஞ்சம் முடிந்ததும் தமிழ், தெலுங்கு நாடெங்கும் சபைகளில் பெருங்கூட்டம் சேர்ந்தது. 'கஞ்சிக்கு வேதத்துல சேர்ந்தவங்க' என்ற கேலி இன்றும் கேட்கிறது. கேலி செய்தவர்களில் அந்தப் பசியைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தவிர, கஞ்சித் தொட்டி மூடிய பிறகும் கோயிலுக்கு வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது செலவுதான்.

அந்தச் செலவுக்குத்தான் பிடியரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள் வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்படும். குருணையும் பச்சரிசியும் புழுங்கலும் கலந்து கிடக்கும் அந்தக் குவியல் விலையாகும், காசு உபதேசியார் சம்பளத்தில் ஒரு பங்காகும். சோறே ஒரு வேளைதான் என்ற வீட்டிலும் அந்தக் கலயம் இருந்தது. ஆண்கள் சங்கம் வைத்துத் தீர்மானம் போட்டார்கள். ரூபஸ் ஆண்டர்சனின் 'தன் செலவைத் தானே பார்க்கும் சபை'யைக் கம்பம் பள்ளத்தாக்கில் நடத்திக் காட்டியது அடுப்படி.

1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை பென்னிகுக் கட்டிய அணை தடுத்தது, மலையைக் குடைந்த சுரங்கம் அதைக் கிழக்கே திருப்பியது. கூடலூரிலிருந்து கீழே வரை பள்ளத்தாக்கு இருபோக நெல் நிலமாயிற்று. இன்றைக்கும் 14,707 ஏக்கர் என்று விவசாயிகள் கணக்குச் சொல்வது இந்த இருபோகத்தைத்தான். நிலம் சபை மக்களுடையதல்ல. ஆனால் இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. கூலி நெல்லாகக் கிடைத்தால் கலயமும் நிறையும். அறுப்பின் பண்டிகை சபையின் பெரிய வரவு நாளாக ஆனதற்கு இந்த மண்ணில் நெல் விளைந்ததும் ஒரு காரணம். பூசணி, வாழைத்தார், சேவல், முட்டை எல்லாம் காணிக்கையாக வரும், ஏலம் போகும். சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணிக்காயை இரண்டு குடும்பம் வீம்புக்குக் கேட்டு விலையை ஏற்றிவிடுவது இன்றும் நடக்கிறது. ஏலம் விடுபவர் அந்த வீம்பை நன்றாகவே அறிந்தவர், "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று இழுத்து இழுத்து அந்த ரோஷத்தைச் சபைக் கணக்கில் வரவு வைத்துவிடுவார்.

பாட்டும் அதற்குள் சபையின் சொந்தச் சொத்தாகியிருந்தது. அதற்குக் காரணமும் ஓர் அமெரிக்கர்தான். இதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், மேல்நாட்டு மெட்டில் தமிழை அடைத்துப் பாடும் அவஸ்தையைப் பார்த்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டி 1853-இல் சபைகளுக்கான பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ராகத்தோடு மனப்பாடமாகப் பாடினார்கள். எழுத்துக் கற்ற பிள்ளைகளை விடப் பாட்டிகளுக்கு அதிகச் சரணம் தெரிந்திருக்கும்.

தலைக்கு மேலே பெயர்கள் மாறத் தொடங்கின. 1908-இல் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிடேரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. கூடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இந்தியப் போதகர்கள். தோர்ணக்கல் பிஷப் அசரியாவோடு அதில் முன்நின்றவர் வி. சந்தியாகு, மதுரை அமெரிக்க மிஷன் வளர்த்த மனிதர். ஐரோப்பாவில் யாரோ போட்ட சண்டைக்கு நாங்கள் ஏன் பிரிந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பதில் கிடைக்க 28 வருஷம் பிடித்தது. 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன்களும் ஐக்கிய சபையாரும் மெதடிஸ்டுகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, நம் வாயில் சி.எஸ்.ஐ., பிறந்தது.

மெதடிசம் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த வாசல் இது. வருஷத் தொடக்கத்தில் சபையார் எழுந்து நின்று கடவுளோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை, மெதடிசத்தின் தந்தை ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தொடங்கியது. சி.எஸ்.ஐ. அதைத் தன் வழிபாட்டு நூலில் சேர்த்துக்கொண்டது. ஒரு மெதடிஸ்ட் பாதிரியும் கூடாரம் அடிக்காத ஊர்களில், வெஸ்லியின் வார்த்தைகள் தமிழில் ஒலிக்கின்றன.

இணைப்பில் வேடிக்கை ஒன்றும் உண்டு. பிஷப்பே வேண்டாம் என்று இங்கிலாந்தை விட்டு 1620-இல் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் கட்டிய சபைகளுக்கு இப்போது ஒரு பிஷப் வந்துவிட்டார். வந்தவரோ பிஷப் முறை இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன். மதுரை – இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்தவர், வயது 37. கிராமம் கிராமமாகச் சுற்றிய அந்த நாட்களை 1951-இல் ஒரு நாட்குறிப்பு நூலாக வெளியிட்டார். ஒரு போதகர் பத்து இருபது கிராமச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலை அப்போதும் மாறவில்லை. சம்பளம் மட்டும் பாஸ்டனிலிருந்து வராமல், சேகரம் எனும் போதகர் வட்டாரங்கள் அனுப்பும் பணத்திலிருந்து திருமண்டல அலுவலகம் வழியாக வரும் ஏற்பாடு மெல்ல வலுத்தது. ஏலப் பூசணிக்கும் பிடியரிசிக்கும் இப்போது ரசீது போட்டார்கள்.

இதற்கிடையில் ஊர்களின் வரிசையும் மாறியது. 1928-இல் மதுரை – போடி ரயில் வந்தது. 1942-இல் யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1950-களில் மறுபடி போட்டார்கள். சந்தையும் ரயிலும் சேர்ந்து தேனியைப் பெரியகுளத்தை விடப் பெரிதாக்கின. 1997-இல் அது மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது. பெரியகுளத்தின் கீழிருந்த ஊர் பெரியகுளத்துக்கே தலைநகரானது. சபைக் குடும்பங்களும் வேலை தேடி அந்தப் பக்கம் நகர்ந்தன.

எல்லோரும் ரயிலடிக்கு நகரவில்லை. அதற்கு முன்பே, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கங்காணிகளின் பின்னால் மலையேறிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம், லயன் வீடு. கண்ணன் தேவன் மலையில் 1894 டிசம்பரில் எலினர் இசபெல் மே என்ற 24 வயது ஆங்கிலப் பெண் காலராவில் இறந்தாள். அவளைப் புதைத்த குன்றின் அடியில்தான் மூணாறின் கல் கோயில் 1910-இல் எழும்பத் தொடங்கியது. அது துரைமார்களுக்காகக் கட்டியது. இன்று அங்கே தமிழ் ஆராதனையும் நடக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து பிடியரிசிக் கலயத்தோடு மலையேறிய குடும்பங்கள் அந்தக் கோயிலுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)